அரசு கதவைச் சாத்தும்போது ஊர் செய்ய வேண்டியது

(வட்டுக்கோட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை என் விருப்பத்துக்கே விட்ட குழுவினருக்கு நன்றி. இலக்கியமோ சமயமோ பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பணம் இல்லை, எரிபொருள் இல்லை, வரவுசெலவுத் திட்டம் நிறைவேறவில்லை என்று ஏதோ ஒரு காரணம் சொல்லி அரசாங்கம் தன் கதவைச் சாத்துகிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் வேலை செய்தவரின் வீட்டில் அன்று முதல் என்ன நடக்கிறது? அவருக்கு ஊரார் என்ன செய்யலாம்? இதுவே இன்றைய பொருள்.

2022ஆம் ஆண்டை இங்கே ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவிப்பு. மே 16ஆம் திகதி, புதிதாகப் பதவியேற்ற பிரதமர் ரணில் விக்கிரமசிங்க, அரச ஊழியர் 14 இலட்சம் பேரின் சம்பளத்துக்காகப் பணம் அச்சிட வேண்டியிருக்கிறது என்று நாட்டுக்கு வெளிப்படையாகவே சொன்னார். ஜூன் நடுப்பகுதியில் அமைச்சரவை, அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கியது. ஜூன் 20ஆம் திகதி முதல் இரண்டு வாரங்களுக்கு அலுவலகங்களில் குறைந்த அளவு ஊழியர் மட்டும் போதும் என்றார்கள். பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. அந்த மாதக் கடைசியில், ஜூலை 10ஆம் திகதி வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற முடிவும் வந்தது.

சம்பளம் நிற்கவில்லை, உண்மைதான். நிரந்தர நியமனம் உள்ளவருக்கு அது வங்கிக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பணம் என்ன வாங்கிற்று? அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு 94.9 வீதம். முந்தைய ஆண்டு செப்டெம்பரில் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் ஆகியிருந்தது. சம்பளத்தை வெட்டாமலே ஒருவரின் சம்பளத்தில் பாதியை எடுத்துவிட முடியும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

நிரந்தர நியமனம் இல்லாதவரின் கதை வேறு. வைத்தியசாலையில் வாட்டைக் கழுவுகிறவர், பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரத்தின் பின்னால் நிற்கிறவர், அலுவலகத்தில் தேநீர் போடுகிறவர் என்று அமைய ஊழியராகவும் நாட்சம்பளக்காரராகவும் பலர் இருக்கிறார்கள். வேலைக்கு வந்த நாளுக்குத்தான் அவர்களுக்குக் காசு. 'இந்த வாரம் வர வேண்டாம்' என்ற ஒரு சொல், மேசையில் இருப்பவருக்கு ஓய்வு. இவருக்கோ ஒரு வாரப் பட்டினி. வெள்ளிக்கிழமைத் தோட்டம் என்ற யோசனையையும் இவருடைய வீட்டில் வைத்துப் பாருங்கள். நான்கு பரப்பு, ஐந்து பரப்புக் காணியும் கிணறும் உள்ளவருக்குக் கத்தரியும் மிளகாயும் வைக்க அது உதவியிருக்கும். வேறொருவரின் வளவில் ஒரு கொட்டிலில் குடியிருக்கிறவர் எங்கே நடுவார்? அந்த முடிவை எடுத்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்களும்தான்.

அந்த ஜூன் மாதம் எங்கள் பகுதிப் பெற்றோல் செட் ஒன்றில் நான் கண்டதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். வரிசை தெருவின் வளைவையும் தாண்டி நின்றது. முதல் நாள் இரவே மோட்டார் சைக்கிள்களை விட்டு, சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனவர்கள் பலர். காலையில் ஒரு மருத்துவமாது வந்தார். சீருடை, தோளில் பை, பின் இருக்கையில் கட்டிய தடுப்பூசிப் பெட்டி. சுகாதார ஊழியருக்கு முன்னுரிமை என்று சொல்லி ஒருவர் அவரை முன்னால் விடப் போனார். உடனே கூச்சல். "அரசாங்கச் சம்பளம் எடுக்கிற ஆக்களுக்கு எல்லாம் முதல், நாங்கள் என்ன நாயோ?" என்றார் ஒரு இளைஞர். அவர் மீன் ஏற்றிப் போய் விற்பவர். இரண்டு நாளாகத் தொழில் இல்லை. அவருடைய கோபமும் பசியில் பிறந்ததுதான். மருத்துவமாது ஒன்றும் பேசாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அப்போது, மண்ணெண்ணெய்க் கானை வைத்துக்கொண்டு மதில் ஓரம் இருந்த ஒரு அம்மா எழும்பி வந்தார். "தம்பி, நாளைக்கு எங்கட கிளினிக். அவ வராட்டில் பிள்ளையளுக்கு ஆர் ஊசி போடுறது? உம்மட மனுசிக்கும் அவதானே பிள்ளைப்பெறு பார்த்தவ. விடும்" என்றார். இளைஞர் சிறிது நேரம் நின்றார். பிறகு தானே போய் அந்த மோட்டார் சைக்கிளை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

சுகாதார ஊழியருக்கு முன்னுரிமை என்ற அறிவித்தல் ஏற்கெனவே வந்திருந்தது. அந்தக் காலை அதைச் செல்லுபடியாக்கியது அந்த அம்மாவின் வாய்தான். கதவு மூடும்போது முதலில் முறிகிற உறவு அரசுக்கும் ஊழியருக்கும் இடையிலானது அல்ல, ஊழியருக்கும் ஊருக்கும் இடையிலானது. எரிபொருளை இறக்குமதி செய்யாதவர் கொழும்பில் இருக்கிறார். அவரை யாரும் காண முடியாது. காணக்கூடிய அரசாங்கம் கிராம அலுவலர், தபாற்காரர், தாதி, பள்ளிக்கூட ஆசிரியை. எனவே ஏச்சு எல்லாம் அவர்கள் தலையில் விழுகிறது.

இங்கே சிலர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். அரச ஊழியர் தொகை இந்த நாடு தாங்கக்கூடியதை விட அதிகம் இல்லையா? அலுவலகங்களில் நாங்கள் மணிக்கணக்காக நின்றதில்லையா? நின்றிருக்கிறோம். எத்தனை பேர் தேவை என்பது நியாயமான விவாதம். அதைப் பாராளுமன்றத்திலும் பத்திரிகையிலும் கணக்குடன் நடத்தலாம். ஆனால் நெருக்கடி நாளில் திடீரென்று கதவைச் சாத்துவது அந்த விவாதத்துக்கு விடை ஆகாது. யார் தேவை, யார் தேவையில்லை என்று அது பார்ப்பதில்லை. கீழ்ப்படியில் நிற்பவரை முதலில் தள்ளிவிடுகிறது. அதே 2022இல் அரச ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்றும் சுற்றறிக்கை வந்தது. போகக்கூடியவர் போனார்கள். பயிற்சி பெற்ற ஒரு தாதி போய்விட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவரை உருவாக்க ஆண்டுகள் பிடிக்கும்.

இந்த நாட்டு ஊழியர்களின் நினைவில் இன்னொரு ஆண்டும் ஆறாமல் இருக்கிறது. 1980 ஜூலையில் மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு நடந்த பொது வேலைநிறுத்தம். ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம், வேலைக்கு வராதவர்கள் பதவியைத் தாமே விட்டு விலகியவர்கள் என்று கொண்டது. ஏறத்தாழ 40,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். அன்று நாடு என்ன செய்தது? பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தது. தொழிற்சங்கங்கள் பிளந்து கிடந்தன. வேலையிழந்தவரின் பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. மீண்டும் வேலை கிடைத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தே பெற்றார்கள். ஊர் ஒதுங்கி நின்றால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு நான் இந்த ஆண்டைத்தான் காட்டுவேன்.

அமெரிக்காவில் இந்தக் கதவடைப்பு சட்டப்படி நடக்கிற ஒன்று. நிதி ஒதுக்கீட்டை அவர்களுடைய காங்கிரஸ் உரிய நாளில் நிறைவேற்றாவிட்டால், அரச அலுவலகங்கள் பூட்டப்படும். ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்ற பழைய சட்டத்துக்குச் சட்டமா அதிபர் பெஞ்சமின் சிவிலெட்டி 1980இல் கொடுத்த இறுக்கமான விளக்கத்திலிருந்து இந்த வழக்கம் வந்தது. 2018 டிசெம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் பூட்டியிருந்தார்கள். ஏறத்தாழ 8 இலட்சம் ஊழியருக்குச் சம்பளம் இல்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளம் இல்லாமலே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. 2025 ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை நடந்தது 43 நாள், அதுவரை அந்நாட்டு வரலாற்றில் மிக நீண்டது. உலகத்திலேயே பெரிய செல்வ நாட்டில் விமான நிலையப் பரிசோதகர் இலவச உணவுக்கு வரிசையில் நின்றார்.

அங்கே மக்கள் செய்தவற்றில் எங்களுக்குப் பாடம் இருக்கிறது. 2019 ஜனவரியில் ஜோசே அன்ட்ரேஸ் என்ற சமையற்கலைஞர் வொஷிங்டன் நகரில் சமையற்கூடம் திறந்து, அரச ஊழியர்களுக்கும் குடும்பத்தினருக்கும் சூடான சாப்பாடு கொடுத்தார். அதைவிட என்னைக் கவர்ந்தது நேவி பெடரல் என்ற கடனுதவுச் சங்கம் செய்த காரியம். வர வேண்டிய சம்பளத்தின் அளவுக்குத் தன் உறுப்பினருக்கு வட்டியில்லாமல் முற்பணம் கொடுத்தது. சம்பளம் வந்ததும் அதைக் கழித்துக்கொண்டது. யாரும் யாரிடமும் கையேந்தவில்லை. 2019இல் இன்னொன்றும் நடந்தது: கதவடைப்பு முடிந்ததும் நிலுவைச் சம்பளம் கட்டாயம் கொடுபட வேண்டும் என்பது சட்டமாயிற்று. ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்யும் துப்புரவாளருக்கும் காவலாளிக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கேயும் கீழ்ப்படிதான் விடுபட்டது.

கடனுதவுச் சங்கம் என்றதும் இங்கிருக்கும் மூத்தவர்கள் தலையசைத்ததைக் கண்டேன். 1911இலேயே இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து விவசாயியும் ஆசிரியரும் வட்டிக்காரனிடமிருந்து தப்பியது இந்தச் சங்கங்களால். கூட்டுறவு இயக்கத்தின் பெருந்தூணாக நின்ற வீ. வீரசிங்கம் அவர்களை 1952இல் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது வட்டுக்கோட்டைத் தொகுதி. யாழ்ப்பாண நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபத்தில் கூட்டம் கேட்கப் போகிறவர்கள் எத்தனை பேர் அந்தப் பெயர் யாருடையது என்று நினைக்கிறார்கள்? பக்கத்தில் மூளாயில் ஒரு கூட்டுறவு வைத்தியசாலை நிற்கிறது. ஊரவர் பங்குப் பணம் போட்டு 1930களில் கட்டியது. அரசாங்கம் கட்டித் தரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டு ஊழியர் பட்ட பாடும் 2022இல் நாங்கள் கண்டதைப் போன்றதுதான். சம்பளம் கொழும்பிலிருந்து கச்சேரிக்கு வந்தது. மின்சாரம் இல்லை. எரிபொருள், மின்கலம், சீமெந்து, பசளை எல்லாம் தடை. ஆசிரியர்கள் சைக்கிள் மிதித்தே பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பிறகு 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் ஏ9 பாதை மூடப்பட்டபோது மறுபடியும் அதே நிலை. இரண்டு முறையும் ஊரைத் தாங்கியவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் பங்கீட்டு அட்டைகளும். சங்கக்கடை முகாமையாளர் ஒரு குடும்பத்துக்கு எத்தனை கிலோ சீனி என்று எழுதி வைத்த கொப்பி, அந்த நாட்களில் எத்தனையோ அரச கோப்புகளை விடப் பெறுமதியாக இருந்தது.

இந்த வட்டுக்கோட்டையிலேயே ஒரு பெருங்கதவு மூடப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். 1823இல் தொடங்கிய பட்டிக்கோட்டா செமினரியை, அமெரிக்க மிசன் தலைமையின் முடிவின்படி 1855இல் மூடினார்கள். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானது அதற்குச் சில ஆண்டுகளின் பின். கடல் கடந்து எடுத்த அந்த முடிவைப் பழைய மாணவரும் ஊரவரும் அப்படியே விட்டுவிடவில்லை. கேட்டார்கள், எழுதினார்கள், இங்கும் அமெரிக்காவிலும் நிதி திரண்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. பதினேழு ஆண்டு பிடித்தது. இதைச் சொல்வது பழம்பெருமை பேச அல்ல. மூடிய கதவைத் திறப்பிக்க ஊர் எடுத்த முயற்சி விடாப்பிடியானது, கணக்கு வைத்து நடந்தது என்பதற்காகவே.

இனி நாங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். என் எண்ணத்தில் முதலில் செய்ய வேண்டியது கடன் ஏற்பாடு. எங்கள் பகுதியிலுள்ள சிக்கனக் கடனுதவுச் சங்கங்கள் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுக்கலாம்: அரசின் முடிவால் சம்பளம் தாமதித்தாலோ வேலைநாள் இழந்தாலோ, உறுப்பினரான ஊழியருக்கு அரைமாதச் சம்பளம் வரை வட்டியில்லா முற்பணம். அமைய ஊழியர் பெரும்பாலும் உறுப்பினராகவே இல்லை. பங்குப் பணத்தைத் தவணையில் கட்ட விட்டு அவர்களை இப்போதே சேர்க்க வேண்டும். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்து பழைய மாணவர் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி இந்த முற்பணத்துக்குப் பிணைவைப்பாக இருக்கட்டும். பொதி கட்டிக் கொடுத்துப் படம் எடுப்பதை விட இது மேல். பொதியை வாங்கும் கை தாழ்ந்து நிற்கிறது. தன் சங்கத்தில் தன் சம்பளத்தின் பேரில் முற்பணம் எடுப்பவர் நிமிர்ந்து நடக்கலாம்.

கடைக்காரருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் ஒரு சொல். கொப்பிக் கணக்கில் இரண்டு மாதம் பொறுத்திருப்பது உங்களுக்குப் பாரம்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஒருவர் நகையை அடகு வைத்தால் அதை மீட்க ஆண்டுகள் ஆகும். ரியூசன் நடத்துகிறவர்களிடமும் இதையே கேட்கிறேன்: பணம் கட்டாத பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள்.

போக்குவரத்து அடுத்தது. தாதியர், மருத்துவமாதுக்கள், அம்புலன்ஸ் சாரதிகள், நீர் வழங்கல் ஊழியர் ஆகியோர் எந்த ஒழுங்கையில் இருக்கிறார்கள், எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று ஒவ்வொரு சனசமூக நிலையமும் அவர்களின் சம்மதத்துடன் ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம். ஒரே திசையில் போகும் இருவர் ஒரு மோட்டார் சைக்கிளில் போகலாம். இரவுக் கடமை முடிந்து வீடு திரும்ப வழியில்லாதவருக்கு வைத்தியசாலைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு அறை கிடைக்கலாம். எரிபொருள் வரிசையில் நடக்கும் சண்டை, இந்தக் கொப்பி இருந்தால் பாதியாகக் குறையும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், நல்ல மனதுள்ள இளைஞர்கள் இங்கே பலர் இருப்பதால். அலுவலகம் மூடியிருக்கும்போது, நாங்கள் இலவசமாக அந்த வேலையைச் செய்து கொடுப்போம் என்று முன்வருவது எல்லா நேரமும் உதவி ஆகாது. தொண்டர் ஆசிரியர்கள், சுகாதாரத் தொண்டர்கள் என்று வடக்கில் எத்தனை பேர் ஆண்டுக்கணக்காகச் சம்பளமில்லாமலோ சொற்பக் கொடுப்பனவுக்கோ உழைத்து, பிறகு நியமனம் கேட்டு வீதியில் இருந்தார்கள்! ஆள் இலவசமாகக் கிடைத்ததால் வெற்றிடம் வெற்றிடமாகத் தெரியவில்லை. அரசாங்கம் நியமிக்கவும் அவசரப்படவில்லை. தொண்டு செய்யுங்கள், ஊழியருக்குப் பக்கத்தில் நின்று செய்யுங்கள். அவர் வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுங்கள், அவர் வளவுக்குத் தண்ணீர் இறையுங்கள். அவருடைய கதிரையில் மட்டும் சம்பளமில்லாமல் இருக்காதீர்கள்.

இவை எல்லாம் ஊருக்குள் முடிகிற காரியங்கள். இவற்றோடு நின்றால் அரசாங்கத்தின் பொறுப்பை நாங்களே தோளில் ஏற்றிக்கொண்டவர் ஆவோம். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நினைத்துப் பாருங்கள். கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்டோர் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள், பொது நம்பிக்கையை மீறியவர்கள் என்று நான்கு நீதியரசர்களின் பெரும்பான்மை கண்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் குடிமக்களும் ஒரு குடிமக்கள் அமைப்பும். கதவைச் சாத்த வேண்டிய நிலை தானாக வந்த இயற்கைப் பேரிடர் அல்ல, மனிதர் எடுத்த முடிவுகளால் வந்தது என்பது இப்போது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது.

உயர் நீதிமன்றம் தூரம். கைக்கெட்டிய தூரத்தில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்நாட்டுக் குடிமகன் எவரும், காரணம் சொல்லாமலே, அரச அலுவலகம் ஒன்றிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. தமிழிலேயே எழுதலாம்.

அப்படி ஒரு விண்ணப்பத்தை நான் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் பகுதியின் பிரதேச செயலகம், பிரதேச சபை, சுகாதார அலுவலகம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. அதில் கேட்டிருப்பது இவ்வளவே: இன்று உங்களிடம் எத்தனை அமைய ஊழியரும் நாட்சம்பள ஊழியரும் இருக்கிறார்கள்? 2022 ஜூன், ஜூலை மாதங்களில் அலுவலகம் மூடப்பட்டதால் அவர்கள் இழந்த வேலைநாட்கள் எத்தனை, அவற்றுக்குப் பின்னர் ஏதும் கொடுப்பனவு வழங்கப்பட்டதா? இனி ஒருமுறை மூட நேர்ந்தால் அவர்களுக்கான ஏற்பாடு என்ன, அது எந்தச் சுற்றறிக்கையில் உள்ளது?

விடை வந்ததும் அதை வைத்துக்கொண்டு கடனுதவுச் சங்கங்களின் நிருவாகக் குழுக்களோடு பேசி, முற்பணத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்குப் போடலாம். விண்ணப்பப் படிகள் மண்டப வாசலில் மேசைமேல் இருக்கின்றன. தங்கள் பெயரில் அனுப்ப விரும்புகிறவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துச் செல்லுங்கள். வாசித்துப் பார்த்து, சேர்க்க வேண்டிய கேள்வி இருந்தால் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.